கைபேசிப் பாடமும் கழனி வேலையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியோர் சொல்லிவைத்தது ஏட்டைப் பழிப்பதற்காக அன்று. ஏட்டில் எழுதிய சுரைக்காய் கொடியிலும் காய்த்தாலன்றி அடுப்பு எரிவதில் பிரயோஜனமில்லை என்பதே அதன் கருத்து. ஓலைச்சுவடி போய் அச்சுப் புத்தகம் வந்தது. அதன்பின் வானொலி வந்தது. இப்பொழுது கைபேசித் திரை வந்திருக்கிறது. ஏடு மாறியும் பழமொழியின் உண்மை மாறவில்லை.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் குடியானவருக்கு இந்நாளில் பாடத்திற்குக் குறைவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிர்வாரியாகச் சாகுபடிக் குறிப்புகளை இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. 2018-ஆம் ஆண்டில் மாநிலச் சர்க்கார் ‘உழவன்’ என்னும் செயலியை வழங்கியது. 2004-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கிசான் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேள்வி கேட்டு விடை பெறலாம். அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையமும், கிள்ளிகுளத்தில் 1984 முதல் வேளாண்மைக் கல்லூரியும் இருக்கின்றன. இத்தனைக்கும் மேலாக, நாற்று விடுவது முதல் அறுவடை வரை எதைக் கேட்டாலும் கைபேசியில் படம் ஓடுகிறது.

பாடம் பெருகிய அளவுக்குக் கழனியில் மாறுதல் பெருகவில்லை என்பதையும் யாவரும் அறிவர். படத்தைப் பார்த்தவர் ஒருவர். வயலில் இறங்கி வேலை செய்பவர் வேறொருவர். பார்த்தது மாசியில், செய்ய வேண்டியது ஐப்பசியில். ஐயம் எழுந்தது வரப்பில். விடை சொல்லக்கூடியவர் கோயம்புத்தூரில். இம்மூன்று இடைவெளிகளையும் நிரப்பாதவரையில் கைபேசிப் பாடம் ஏட்டுச் சுரைக்காயாகவே நிற்கும். அவற்றை நிரப்பும் பொறுப்போ பாடம் தயாரிப்பவரிடத்தில் மட்டும் இல்லை. பெரும்பகுதி நிலமுடையோரிடத்தும் கிராம உத்தியோகஸ்தரிடத்துமே இருக்கிறது.

தொழிலிடத்தில் கல்வி

இது பயிர்த்தொழிலுக்கு மட்டும் உரிய குறை அன்று. பட்டணத்துக் காரியாலயங்களிலும் ஆலைகளிலும் பணியாளருக்கு இணையவழிப் பாடம் கற்பிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. 2012-ஆம் ஆண்டு முதல் பெரிய பல்கலைக்கழகங்கள் எவரும் சேரலாமென்று நடத்திவரும் இணையப் படிப்புகள் பலவற்றில் சேர்ந்தவருள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இறுதிவரை செல்வதில்லை. பாடம் கெட்டது என்பது இதற்குக் காரணமன்று. வேலை நேரம் முழுவதும் வேலைக்கே போக, பாடத்தை இரவில் களைப்போடு பார் என்றால் எவரும் பாரார். கற்றதை மறுநாள் செய்துபார்க்க இடமில்லை என்றால் பார்த்தவரும் மறப்பர். முதலாளியோ மேலாளரோ ‘என்ன கற்றாய், எப்படிச் செய்கிறாய்?’ என்று கேளாவிடில் அது வேண்டாத வேலை என்றே கருதப்படும். எங்கே வேலை நேரத்தில் ஒரு பகுதி பாடத்திற்கு ஒதுக்கப்படுகிறதோ, எங்கே உடன் வேலை செய்வோர் கூடிப் பேசுகின்றனரோ, எங்கே கற்றது அந்த வாரமே கைக்கு வருகிறதோ, அங்கேதான் அக்கல்வி வேர்பிடிக்கிறது.

கழனியும் ஒரு தொழிலிடமே. அங்கே முதலாளி நிலமுடையவர். பணியாளர் நடுகைப் பெண்களும், களை எடுப்போரும், நீர்பாய்ச்சுவோரும், உழவு இயந்திரம் ஓட்டுவோரும் ஆவர். ஆகையால் ஆலை முதலாளியைப் பார்த்துக் கேட்கத்தக்க கேள்விகள் யாவும் மிராசுதாரரைப் பார்த்தும் கேட்கத்தக்கவையே.

முன்னோர் கண்ட அனுபவம்

தூரத்திலிருந்து வரும் பாடத்தைக் கிராமத்தார் எப்படிப் பயன்படுத்திக்கொள்கின்றனர் என்பதை இந்நாட்டில் முதன்முதல் செவ்வையாகச் சோதித்தது 1956-ஆம் ஆண்டில். அப்போதைய பம்பாய் ராஜ்யத்தில், புனாவைச் சூழ்ந்த ஐந்து ஜில்லாக்களில், 150 கிராமங்களில் வானொலிக் கிராம மன்றங்கள் ஏற்படுத்தப்பட்டன. ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ இதற்கு உதவி செய்தது. கனடா தேசத்து உழவர்களிடையே 1941 முதல் நடந்துவந்த வானொலி மன்றமே இதற்கு முன்மாதிரி. வாரம் இரண்டாக மொத்தம் இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. ஊரார் சிலர் ஒன்றுகூடிக் கேட்டு, கேட்டதைப் பற்றி உடனே விவாதித்து, முடிவையும் கேள்விகளையும் நிலையத்திற்கு எழுதியனுப்பினர். அடுத்த நிகழ்ச்சிகளில் அவற்றிற்கு விடை கிடைத்தது.

பின்னர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தார் மன்றம் உள்ள ஊர்களையும், மன்றமில்லாத ஊர்களையும் ஒப்புநோக்கினர். மன்றம் இருந்த ஊர்களில் மக்களுடைய அறிவு மிகத் தெளிவாக வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களில் வளர்ச்சி அற்பமே. நிகழ்ச்சி ஒன்றே, குரல் ஒன்றே, பெட்டியும் ஒருவகையே. வேறுபாடு கூடிப் பேசியதில்தான் இருந்தது.

தமிழ்நாட்டு அனுபவமும் இதற்கு மாறாக இல்லை. 1960-களின் நடுப்பகுதியில் தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறை 27 என்னும் குறுகியகால நெல் மளமளவென்று பரவிற்று. திருச்சி வானொலி நிலையத்தின் வாயிலாகக் குடியானவர் அதனைப் பற்றி இடைவிடாது கேட்டு வந்தமையால் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கிற்று. வானொலிக்கு இந்தப் பெருமை தகும். எனினும் அதே ஜில்லாவில் 1960 முதல் தீவிர வேளாண்மை அபிவிருத்தித் திட்டம் நடந்துவந்ததையும் மறத்தலாகாது. கேட்ட விதை கூட்டுறவுச் சங்கத்தில் கிடைத்தது. உரத்திற்குக் கடன் கிடைத்தது. ஐயம் தீர்க்கக் கிராம சேவகர் வயலுக்கு வந்தார். பாடமும் பண்டமும் ஆளும் ஒரே பருவத்தில் ஒரே ஊரில் சேர்ந்தமையால் பேச்சு பயிராயிற்று.

அண்மைக்காலத்துச் சான்று தேனி ஜில்லாவில் இருக்கிறது. காமன்வெல்த் கற்றல் நிறுவனம் ‘விடியல்’ என்னும் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே உழவர்க்கு வாழ்நாட் கல்வித் திட்டம் ஒன்றை 2004-ஆம் ஆண்டு முதல் நடத்திற்று. சில ஆண்டுகளுக்குப் பின் ஆடு வளர்க்கும் பெண்கள் தாங்களே கூடித் தொழில் திட்டம் தீட்டி வங்கிக் கடன் பெற்றனர். ஆடு வாங்கிய அக்கடனிலேயே ஆளுக்கொரு கைபேசியும் வாங்கப்பட்டது. ஆடு தேர்ந்தெடுத்தல், தீவனம், நோய், விற்பனை ஆகியவை பற்றிய பாடங்கள் மிகச் சிறிய குரற்செய்திகளாக அக்கைபேசிக்கு வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஆட்டை மேய்த்துக்கொண்டே கேட்டனர். மாலையில் மகளிர் குழுவில் கூடியபோது அதுவே பேச்சாயிற்று.

இத்திட்டத்தில் கவனிக்கத்தக்கது கைபேசி அன்று. பாடம் கேட்டவளே ஆட்டுக்கு உடையவள். கேட்டதை அன்றே செய்துபார்க்க ஆடு அவள் கண்முன் நின்றது. தவணை கட்ட வேண்டியிருந்தமையால் கற்பதில் அவளுக்குச் சொந்த அக்கறை இருந்தது. ஐயமுற்றால் கேட்கப் பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். புனாவிலும் தஞ்சையிலும் தேனியிலும் கருவி வெவ்வேறாயினும் வெற்றிக்குக் காரணம் ஒன்றே.

தாமிரபரணிக் கரையில்

இனி இதனைத் திருநெல்வேலிச் சீமைக்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களின் கீழ் சுமார் 86,000 ஏக்கர் நஞ்சை. கார், பிசானம் என்னும் இரண்டு போகம். இப்பள்ளத்தாக்கின் பட்டம் காவேரிப் படுகையின் பட்டத்தோடு ஒத்துப்போவதில்லை. தஞ்சைக் குறுவைக்கும் சம்பாவுக்கும் ஏற்ற நாளில் வெளியிடப்படும் பாடம் காருக்கும் பிசானத்துக்கும் முந்தியோ பிந்தியோ வருகிறது. ஒரே கால்வாயில்கூடத் தலைமடையில் நடுகை முடிந்து களை எடுக்கும்போது கடைமடையில் தொளி கலக்கிக்கொண்டிருப்பார்கள். ஆகவே மாநிலம் முழுவதற்கும் பொதுவான பாடத்தை இந்த மடைக்கு இந்த வாரம் என்று பிரித்துக் கொடுக்க உள்ளூரில் ஒருவர் வேண்டும். அதைத் திரை செய்யாது.

செம்மை நெல் சாகுபடியின் வரலாறு இதற்கு நல்ல உதாரணம். 2003–04-ஆம் ஆண்டில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் காவேரி, தாமிரபரணி ஆகிய இரு படுகைகளிலும் குடியானவர் வயல்களிலேயே இம்முறையைச் சோதித்தனர். தாமிரபரணிப் பாசனத்தில் வழக்கமான முறையில் ஹெக்டேருக்குச் சராசரி 5.7 டன் அளவில் கண்ட வயல்களில் செம்மை முறையில் 7.2 டன் அளவில் கண்டது. விதையோ ஏக்கருக்கு மூன்று கிலோவே போதும். நாற்றங்காலுக்கு ஒரு சென்ட் இடம் போதும். இவ்வளவு அனுகூலம் இருந்தும், அதை முழுமையாக அனுசரிக்க இடையூறு யாதென்று கேட்டால், பழகிய நடுகை ஆட்கள் இல்லை என்பதே பல ஊர்களிலும் முதலில் வரும் விடை.

இவ்விடை சிந்திக்கத்தக்கது. பதினான்கு நாள் இளநாற்றை, வேர் அறாமல், ஒட்டியிருக்கும் மண்ணோடும் விதையோடும் எடுத்து, அரைமணி நேரத்திற்குள், குத்துக்கு ஒன்றாக, சதுரத்திற்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில், ஆழமின்றி வைக்க வேண்டும். இவ்வளவையும் செய்யும் கை நிலமுடையவர் கை அன்று. நடுகைப் பெண்ணின் கை. முப்பது நாள் நாற்றை முடிமுடியாக விளாறிப் பழகிய அந்தக் கைக்கு இப்புதிய வழக்கத்தை யார் கற்பித்தார்? பாடப் படம் நிலமுடையவர் கைபேசியில் வந்தது. அவர் திண்ணையில் இருந்து பார்த்தார். நடுகை நாளில் வரப்பில் நின்று, ‘ஒற்றை நாற்றாக நடுங்கள்’ என்று கூவினார். வாய்ச்சொல்லால் கைப்பழக்கம் மாறாது. ஒப்பந்தக் கூலிக்கு நடுவோர்க்கு வேகமே வருமானம். புதுமுறையில் முதல் நாள் வேகம் குறையும். அக்குறைவுக்கு ஈடு செய்வாரில்லை. முடிவில் ‘இந்த ஊருக்கு இது ஒத்துவராது’ என்று தீர்ப்பாகிவிடுகிறது. தோற்றது முறை அன்று, கற்பித்த வகையே.

இலை வண்ண அட்டையும் அத்தகையதே. நட்ட பதினான்காம் நாள் முதல் வாரம் ஒருமுறை, காலை எட்டு முதல் பத்து மணிக்குள், வயலில் பத்துக் குத்துகளில் முழுதும் விரிந்த உச்சி இலையை, வெயில் படாமல் தன் உடல் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் அந்த இரகத்திற்குரிய எண்ணுக்குக் கீழே இருந்தால்தான் தழைச்சத்து மேலுரம். இதனை ஒரு நிமிஷத்துப் படம் விளக்கிவிடும். ஆனால் கைபேசித் திரையின் பச்சையை நம்பி இலையை ஒப்பிடுதல் ஆகாது. திரைக்குத் திரை நிறம் மாறும். அட்டை கையில் வேண்டும். வாரந்தோறும் ஒருவரே பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பழகியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பாடம் ஒரு நிமிஷம். பழக்கம் ஒரு பருவம்.

மறுப்புரைகள்

இவ்விடத்தில் சிலர் கூறும் மறுப்புகளையும் ஆராய வேண்டும். ‘படித்த இளைஞர் பலர் தனியே கைபேசியைப் பார்த்தே திருந்திய முறையில் பயிர் செய்கின்றனரே, கூட்டம் எதற்கு?’ என்பது ஒன்று. அது உண்மையே. கொள்முதல் விலை, மழை அறிவிப்பு, மானிய விவரம், விதை இருப்பு ஆகியவற்றை அறிந்துகொள்ள ஒருவருக்கு ஒரு கைபேசி போதும். செய்தி என்பது தனியே பெறத்தக்கது. தொழில் முறையை மாற்றுவதோ அப்படிப்பட்டதன்று. பக்கத்து வயலில் தண்ணீர் நிற்க, ஒருவர் மட்டும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது இயலாது. பக்கத்து வயலில் தேவையின்றிப் பூச்சிமருந்து அடிக்க, ஒருவர் மட்டும் நன்மை செய்யும் பூச்சிகளைக் காப்பது அரிது. ஒரு மடைக்குக் கீழுள்ளோர் சேர்ந்தே கற்க வேண்டியது இதனாலாகும்.

‘கூலி கொடுத்து ஆளை உட்கார வைத்துப் படம் காட்டுவதா?’ என்பது மற்றொன்று. நாற்றங்காலில் பதினான்கு நாளில் எடுக்க வேண்டிய நாற்று இருபத்தைந்து நாள் கிடப்பதால் வரும் நஷ்டத்தையும், தேவையில்லாத மேலுரம் ஒருமுறை இடுவதால் ஆகும் செலவையும், அதனால் பயிர் சாய்ந்து போவதையும் எண்ணிப் பார்ப்பவர் இக்கேள்வியைக் கேளார். உழவு மாட்டைப் பழக்குவதற்கு நாள் செலவிடத் தயங்காத குடியானவர், உழைக்கும் மனிதருக்கு அரைநாள் பழக்கம் கொடுப்பதை வீண் என்பது பொருந்தாது.

‘இதெல்லாம் இலாகாவின் வேலை’ என்பது மூன்றாவது. இலாகாவுக்கு உரிய கடமை உண்டு. அதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஓர் உதவி வேளாண்மை அலுவலருக்குப் பல கிராமங்கள் பொறுப்பாக இருக்கையில், அவர் ஒவ்வொரு வரப்புக்கும் வாரந்தோறும் வருவது நடவாத காரியம். அவர் வர இயலாத நாளில் அவருடைய பாடம் வருவதற்கே கைபேசி இருக்கிறது. அப்பாடத்தை ஏற்று நடத்த ஊரில் ஒரு குழு இருந்தால் அவருடைய ஒரு வருகை பத்து வருகைக்குச் சமமாகும்.

செய்யத்தக்கவை

ஆதலால் எதிர்வரும் பிசானத்திலேயே செய்யத்தக்க எளிய காரியங்கள் சில உள்ளன.

மடைக்கு ஒரு குழு அமைத்தல் முதலாவது. பன்னிரண்டு முதல் இருபது பேர் போதும். அவருள் நிலமுடையோரும் குத்தகைதாரரும் மட்டுமன்றி, நடுகைப் பெண்களுள் இருவரும் நீர்பாய்ச்சுபவர் ஒருவரும் கட்டாயம் இருத்தல் வேண்டும். வேலை செய்யும் கை குழுவில் இல்லையேல் குழு இருந்தும் பயனில்லை.

வாரம் ஒருநாள் ஒரு நேரம் வைத்துக் கூடுதல் இரண்டாவது. கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டிடமோ, ஊர் நூலகமோ, களத்து மேட்டு வேப்பமர நிழலோ எதுவாயினும் சரி. அந்த வாரத்து வேலைக்குரிய ஒரே பாடத்தை எடுத்துக்கொண்டு, கால்மணி நேரம் பார்த்து, அரைமணி நேரம் பேச வேண்டும். இரண்டாவது பாடத்தை அன்று தொடவே கூடாது. தீராத ஐயத்தை ஒரு கேள்வியாக எழுதி அழைப்பு மையத்திற்கோ, அம்பாசமுத்திரத்திற்கோ, கிள்ளிகுளத்திற்கோ அனுப்ப வேண்டும். விடை வந்ததும் அதை அனைவர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். கேள்விக்கு விடை வராத பாடசாலையில் மாணாக்கர் தங்கார்.

பார்த்ததை அந்த வாரமே ஒரு வயலின் ஒரு மூலையிலாவது செய்துபார்த்தல் மூன்றாவது. ஐந்து சென்ட் போதும். அடுத்த கூட்டம் புதுப் பாடத்தோடு தொடங்காமல் அந்த மூலையைப் பார்வையிடுவதோடு தொடங்க வேண்டும்.

கற்கும் நேரத்திற்குக் கூலி கொடுத்தல் நான்காவது. நடுகைக்கு முந்திய நாளில் அரைநாட் கூலி கொடுத்து, நடுகை ஆட்களை நாற்றங்காலுக்கு அழைத்து, படத்தைக் காட்டி, அங்கேயே இரண்டு வரிசை நட்டுப் பழகச் செய்ய வேண்டும். குழுவிலுள்ளோர் சேர்ந்து இச்செலவைப் பகிர்ந்துகொண்டால் ஒருவர் தலையில் விழாது. அவ்வாறு பழகிய பெண்கள் அந்த மடைக்கே ஒரு சொத்தாவர். அவர்கள் பக்கத்து ஊரில் நடப் போகும்போது பாடமும் உடன் போகும்.

ஐந்தாவது கிராம உத்தியோகஸ்தருக்கு உரியது. இதுவரை பயிற்சியின் வெற்றி வருகைப் பதிவேட்டாலும் சான்றிதழ் எண்ணிக்கையாலும் அளக்கப்படுகிறது. இணையத்திலோ படத்தைப் பார்த்தவர் தொகையால் அளக்கப்படுகிறது. ஆயிரம் பேர் பார்த்த படத்தால் ஒரு வரப்பிலும் மாறுதல் இல்லையேல் அது வெறும் வேடிக்கையே. பாடம் முடிந்து முப்பதாம் நாள் எத்தனை வயலில் அது செய்யப்பட்டிருக்கிறது என்று நேரில் எண்ணி எழுதுதல் வேண்டும். பயிராய்வுக்காக வயலுக்குச் செல்லும் கிராம நிர்வாக அலுவலருக்கும் உதவி வேளாண்மை அலுவலருக்கும் இது பெரும்பாரமாகாது. செய்யாதவரைக் கண்டிப்பதற்கு அன்று, ஏன் செய்யவில்லை என்று கேட்டு எழுதுவதற்கே இந்தக் கணக்கு. அக்காரணமே அடுத்த பருவத்துப் பாடத்திற்கு முதல் வரி.

பொதிகை மலையில் மழை பெய்து பாபநாசத்தில் தண்ணீர் பெருகினாலும், அணைக்கட்டும் கால்வாயும் மடையும் வாய்க்காலும் இல்லையேல் அது கடலுக்கே போகும். கைபேசியில் பெருகும் பாடமும் அத்தகையதே. வெள்ளம் வந்துவிட்டது, அதனை வயலுக்குத் திருப்பும் வாய்க்காலை வெட்டுவது ஊரார் வேலை. தாமிரபரணிக் கரையில் அந்தக் காலத்தவர் ஒன்றுகூடிக் கால்வாய் வாரி மராமத்துச் செய்தது போல், இக்காலத்தவர் மடைக்கு ஒரு கற்றற் குழு ஏற்படுத்துவார்களாயின், வரும் பிசானத்து அறுவடையே அதன் பயனைக் காட்டும்.